ஏழு பேர் வேண்டும்

3 ஜூலை 2025, வியாழன்
கெர்பாவ் ரோடு

அனுப்ரியா அக்காவுக்கு,

உங்கள் ஜெர்சியின் கழுத்துப் பட்டையில் ஒரு கறை இருந்தது. சேறு வெளிப்பக்கம் படும். புல்லும் வெளிப்பக்கம்தான் படும். இது உள்பக்கம் இருந்தது. தைல வாசனைக்கு அடியில் புளித்த பால் வாசனை வந்தது. நேற்று ஆட்டம் முடிந்து நீங்கள் வாந்தி எடுத்தீர்களா?

எடுத்த எடுப்பில் இப்படிக் கேட்பதற்கு மன்னிக்க வேண்டும். நான் யாரென்று முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் அணியின் துணிப்பையை நீங்கள் கொண்டுவந்து வைக்கும் சலவைக் கடை எங்களுடையது. காதர் மைதீனின் மகள் நான். பெயர் ஹனீன், வயது பதினேழு. நீங்கள் உள்ளே வந்தால் தொங்கும் சட்டைகளுக்குப் பின்னால் போய்விடுவேன். ஒருமுறை நீங்கள், "யாரு லா அங்க, பேயா?" என்று கேட்டீர்கள். அத்தா சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, சத்தம்தான் வரவில்லை.

பேசச் சொன்னால் எனக்கு மூச்சு அடைத்துவிடும். உயர்நிலை மூன்றோடு பள்ளியை விட்டதும் அதனால்தான். எழுத வரும். இதை உங்கள் கோல்கீப்பர் கையுறைக்குள் வைத்தால் உங்களைத் தவிர வேறு யார் கையிலும் சிக்காது என்று நினைத்தேன்.

இந்த சீசனில் கப்போர் மகளிர் அணி ஆடிய பதினோரு ஆட்டங்களையும் நான் பார்த்திருக்கிறேன். வேலிக்கு வெளியே, உங்கள் கோலுக்குப் பின்னால் நிற்பேன். ஏப்ரலில் மின்னல் எச்சரிக்கையால் தள்ளிப்போன ஆட்டங்களை எல்லாம் இப்போது புதனும் ஞாயிறுமாக அடுக்கிவிட்டார்கள். ஏப்ரலில் பதினாறு ஜெர்சி துவைத்தேன். இந்த வாரம் ஒன்பதுதான். யாருக்கு எங்கே அடி என்று துணியைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். இனியா அக்காவின் வலது காலுறை முழுக்க பிளாஸ்டர் பசை. கண்மணி அக்காவின் ஜெர்சி மூன்று வாரமாக வரவில்லை, முதுகு வலியாக இருக்கும்.

நேற்று எதிரணிப் பெண் ஒருத்தியின் முட்டி உங்கள் காதுக்கு மேல் பட்ட சத்தம் வேலி வரைக்கும் கேட்டது. நீங்கள் உடனே எழுந்து நின்றீர்கள். எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். இன்று கழுத்துப் பட்டையைத் திருப்பிப் பார்த்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை.

பதில் எழுதித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. ஒரு வரி எழுதினாலும் போதும்.

ஹனீன்

ஜெர்சி 9. காலுறை எட்டரை ஜோடி. சுஷ்மிதா அக்காவின் இடது காலுறை வரவே இல்லை.


6 ஜூலை, ஞாயிறு
தேக்கா மார்க்கெட்டில் டீக்கு முன்னால்

பேய்க்கு,

உனக்குப் பெயர் இருக்கிறது என்று தெரிந்ததில் மகிழ்ச்சி. ஹனீன். நல்ல பெயர். ஆனால் பேய் என்பதும் பழகிவிட்டது.

நான் புக்கிட் பாத்தோக்கில் குட்டிப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தரும் டீச்சர். வாந்தியைக் கண்டுபிடிப்பது என் வேலை. நீ என் வேலையைப் பறிக்கிறாய். ஆமாம், எடுத்தேன். ஆட்டத்துக்கு முன் இரண்டு பிராட்டா, ஒரு கிளாஸ் தே தாரிக் டீ. அதன்மேல் ஒன்றரை மணி நேரம் வெயில். வேறு ஒன்றும் இல்லை. தலையில் பட்டது உண்மைதான், ஆனால் வீங்கவில்லை. நான் மயங்கி விழவும் இல்லை. சரசு ஆன்ட்டி தைலம் தேய்த்துவிட்டார். அவர் எங்கள் பயிற்சியாளர் மட்டும் இல்லை, டாக்டரும் அவர்தான். வீங்கினால்தான் காயம், மற்றதெல்லாம் மேக்கப் என்பார்.

கண்மணியைப் பற்றி நீ தவறாக நினைத்திருக்கிறாய். அது முதுகு வலி இல்லை. நவம்பரில் பிறக்கும்.

வெள்ளிக்கிழமை என் வகுப்பில் ஸைஃப் என்ற பையன் உலர்திராட்சையை மூக்கில் போட்டுக்கொண்டான். எடுப்பதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. "ஏன்டா போட்ட?" என்றேன். "டீச்சர், மூக்குக்குப் பசிச்சுச்சு" என்றான். சுஷ்மிதாவின் காலுறையையும் யாராவது பசியில் தின்றிருப்பார்கள்.

இன்று மூன்று கோல் விட்டேன். நீ கோலுக்குப் பின்னால்தானே நிற்கிறாய்? எங்கே தப்பு செய்தேன் என்று எழுது. எங்கள் ஆட்கள் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். தோளைத் தட்டி, "பரவால்ல லா" என்பார்கள்.

ஒரு உதவி. இந்த வாந்தி விஷயம் நம் இருவருக்குள் இருக்கட்டும். சரசு ஆன்ட்டிக்குத் தெரிந்தால் என்னை உட்கார வைத்துவிடுவார். இன்று ஆட வந்ததே எட்டுப் பேர். ஏழு பேர் இல்லாமல் ரெஃபரி விசில் ஊத மாட்டார். ஜூனில் ஆறு பேர் மட்டும் போய் நின்று, ஆடாமலே தோற்று ஒரு வாக்கோவர் கொடுத்தோமே, பார்த்திருப்பாய். இன்னொன்று கொடுத்தால் லீக்கிலிருந்து நீக்கிவிடுவார்கள். இன்னும் இரண்டே ஆட்டம். தாண்டிவிட்டால் டிசம்பர் வரைக்கும் நான் தூங்குவேன்.

அனு


8 ஜூலை, செவ்வாய்

அனு அக்கா,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். அத்தா, "என்ன அது, கடை பில்லா? அவ்வளவு நேரம் பாக்குற?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

கண்மணி அக்காவுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். சொன்னால் யார் ஹனீன் என்று கேட்பார். சொல்ல வேண்டாம்.

கேட்டதால் எழுதுகிறேன். முதல் கோல் உங்கள் தப்பு இல்லை, பந்து இனியா அக்காவின் இடுப்பில் பட்டுத் திரும்பியது. இரண்டாவதுக்கு நீங்கள் ஓர் அடி முன்னால் நின்றிருக்கலாம். மூன்றாவதைத்தான் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நீங்கள் பந்தைப் பார்க்கவில்லை அக்கா. வெயிலுக்கு மறைப்பது போல் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு நின்றீர்கள். அப்போது வெயிலே இல்லை. மழை வரும் போல இருட்டிக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேற்று சரசு ஆன்ட்டி பயிற்சிச் சட்டைகளைக் கொண்டுவந்தார். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"பாப்பா, அனு ஜெர்சியில வாந்தி கீந்தி ஏதும் இருந்துச்சா? புதன்கிழமை டாய்லெட் பக்கம் குனிஞ்சுகிட்டு நின்னாளாம், சுஷ்மிதா சொல்றா."

அத்தா நான் இருந்த பக்கம் பார்த்தார். வழக்கமாக எனக்குப் பதில் அவர்தான் சொல்வார். ஆனால் இது அவருக்குத் தெரியாது, துவைத்தது நான்.

"புல் கறைதான் ஆன்ட்டி," என்றேன்.

"அட, பேசுதே! காதர் பாய், உங்க பொண்ணு பேசுது!" என்று அவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். கேட்க வந்ததையே மறந்துவிட்டுப் போய்விட்டார். அத்தாவுக்கு ஒரே சந்தோஷம். மாலையில் எனக்குப் பிடித்த இறால் வாடே வாங்கி வந்தார்.

வெளி ஆள் ஒருவரிடம் வாய் திறந்து இரண்டு வருடம் இருக்கும். திறந்ததும் பொய் சொன்னேன். நீங்கள் சொன்னதற்காக மட்டும் சொல்லவில்லை. எட்டுப் பேர் என்பது என் மனதிலும் ஓடியது. கப்போர் இல்லாவிட்டால் புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு எதற்கு என்று தெரியவில்லை.

நாளை தலை வலித்தால் வெளியே வந்துவிடுவேன் என்று எழுதுங்கள்.

ஹனீன்


10 ஜூலை, வியாழன்

ஹனீன்,

நேற்றுப் பை வரவில்லையே என்று தேடியிருப்பாய். உங்கள் கடைக்கு லிட்டில் இந்தியாவில் இறங்க மறந்துவிட்டேன். புக்கிட் பாத்தோக் வந்து, மின்தூக்கியில் ஏறி, வீட்டு வாசலில் நின்றபோதுதான் கையில் பை இருக்கிறதே என்று தோன்றியது. இன்று அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கொண்டுவருகிறேன். துணியெல்லாம் நாறும். திட்டாதே.

ஒன்றுக்கு ஒன்று. டிரா. ஒரு புள்ளி. பார்த்திருப்பாய். சுஷ்மிதாவின் கணுக்கால் போய்விட்டது, அதையும் பார்த்திருப்பாய். வீங்கியது, அதனால் சரசு ஆன்ட்டி கணக்கில் அது காயம். இப்போது சரியாக ஏழு பேர். ஞாயிற்றுக்கிழமை பாசிர் ரிஸ்ஸில் கடைசி ஆட்டம். ஒருவருக்குச் சளி பிடித்தாலும் போச்சு.

நீ சரசு ஆன்ட்டியைச் சமாளித்தது பற்றி எழுதியிருந்தாய். கெட்டிக்காரி. அதற்குப் போய் வருத்தப்படாதே.

பள்ளியில் இந்த வாரம் பிள்ளைகளின் சத்தம் தாங்கவில்லை. அவர்கள் தூங்கும் நேரம்தான் எனக்குப் பிடிக்கிறது. விளக்கை அணைத்துவிட்டு நானும் தரையில் படுத்துக்கொள்கிறேன். பனடோல் மாத்திரை போட்டால் சரியாகிவிடுகிறது.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். என் வகுப்பில் ஸைஃப் என்று ஒரு பையன். உலர்திராட்சையை மூக்கில் போட்டுக்கொண்டான். எடுப்பதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. ஏன்டா போட்ட என்றால், "டீச்சர், மூக்குக்குப் பசிச்சுச்சு" என்கிறான். எப்படி?

கண்மணி ஏன் வரவில்லை தெரியுமா? பிள்ளை உண்டாகியிருக்கிறாள். நவம்பரில்.

அனு


11 ஜூலை, வெள்ளி

அனு அக்கா,

அத்தா ஜும்ஆவுக்குப் போயிருக்கிறார். கடை சாத்தியிருக்கிறது. அவர் வருவதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும்.

ஸைஃபின் திராட்சையைப் பற்றிப் போன ஞாயிற்றுக்கிழமையே எழுதியிருந்தீர்கள். கண்மணி அக்காவைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். "எடுப்பதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது" என்பது வரை அப்படியே இருக்கிறது. முதலில் நீங்கள் என்னைக் கிண்டல் செய்கிறீர்கள் என்று நினைத்தேன். பிறகுதான் கிண்டல் இல்லை என்று தெரிந்தது.

போனில் தேடிப் படித்தேன். தலையில் அடிபட்டால் வீங்க வேண்டும் என்று இல்லை. மயங்க வேண்டும் என்றும் இல்லை. வாந்தி, வெளிச்சம் ஆகாமல் போவது, சத்தம் ஆகாமல் போவது, மறதி, சொன்னதையே சொல்வது. ஐந்தும் உங்கள் கடிதங்களிலேயே இருக்கின்றன. முதல் அடி ஆறுவதற்குள் இன்னொன்று பட்டால் என்ன ஆகும் என்றும் போட்டிருந்தது. அதை நான் எழுதப் போவதில்லை. நீங்களே படியுங்கள். இல்லை, படிக்க வேண்டாம், போன் திரை உங்களுக்கு ஆகாது. டாக்டரிடம் போங்கள்.

புதன்கிழமை டிரா ஆனபோது எல்லாரும் உங்கள்மேல் வந்து விழுந்தார்களே, அப்போது நான் வேலியைப் பிடித்துக்கொண்டு உங்கள் தலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கோல் போட்டது யார் என்றுகூட எனக்கு நினைவில்லை. இதுவரை எனக்கு அப்படி ஆனதில்லை.

சரசு ஆன்ட்டியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் அக்கா. நான் சொன்னால் ஏழு ஆறாகும், அணி போய்விடும். நான் போக வைத்ததாக ஆகிவிடும். நீங்கள் சொன்னால் அவர்கள் வேறு ஏதாவது வழி பார்ப்பார்கள், யாரையாவது கூப்பிடுவார்கள். புது ஆட்டக்காரர்களைச் சேர்க்கும் பெயர் பதிவு முடிந்துவிட்டது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் ஏதாவது இருக்கும்.

அத்தா வந்துவிட்டார்.

ஹனீன்


12 ஜூலை, சனி

ஹனீன்,

பையை எடுக்க வந்தேன். நீ வழக்கம் போல் சட்டைகளுக்குப் பின்னால் இருந்தாய். உன் செருப்பு தெரிந்தது. பத்து நிமிடம் நின்றேன். இவ்வளவு பெரிய கடிதம் எழுதுகிறவளுக்கு வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. அதனால் வாசலில் உட்கார்ந்து இதை எழுதி உன் அத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

சொன்னதையே சொல்வது வியாதி என்றால் என் அம்மாவை முதலில் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். வேலை அதிகம், களைப்பு, மறந்துவிட்டேன். எல்லாருக்கும் நடப்பதுதான்.

இந்த அணியை நானும் சரசு ஆன்ட்டியும் ஐந்து வருடத்துக்கு முன் ஒன்பது பெண்களை வைத்து ஆரம்பித்தோம். வீடு வீடாகப் போய்க் கேட்டோம். "பொம்பளப் புள்ள கால் கருத்துப் போகும்" என்று என்னிடம் கதவைச் சாத்தியவர்கள் இருக்கிறார்கள். லீக்கிலிருந்து நீக்கினால் அடுத்த வருடம் திடல் கிடைக்காது. திடல் கிடைக்காவிட்டால் இவர்கள் யாரும் திரும்பி வர மாட்டார்கள். இனியாவுக்குக் கல்யாணம் பேசுகிறார்கள். சுஷ்மிதா வேலை மாறுகிறாள். இது ஒரு நூல். அறுந்தால் அறுந்ததுதான்.

நான் கேப்டன். கணுக்கால் போனவள் உட்காரலாம். கண்ணுக்குத் தெரியாத வலிக்காக நான் உட்கார்ந்தால் இனியா அடிபட்ட முட்டியோடு ஏன் ஓட வேண்டும்?

நீ எல்லா ஆட்டமும் பார்த்திருக்கலாம். வேலிக்கு வெளியே நின்று பார்த்தாய். உள்ளே நிற்கிறவர்களுக்கு என்ன வலிக்கிறது என்று துணியை மோந்து பார்த்துச் சொல்ல முடியாது. துணி துவை. அது போதும். இனிமேல் கையுறைக்குள் எதுவும் வைக்காதே.

ஒரே ஓர் ஆட்டம்தான். தொண்ணூறு நிமிடம்.

அனுப்ரியா


13 ஜூலை, ஞாயிறு காலை

அனு அக்கா,

நேற்று நீங்கள் வாசலில் எழுதிக்கொண்டிருந்தபோது, உங்கள் கையுறைகள் காயவில்லை என்று அத்தாவிடம் சொல்லி அவற்றைப் பையிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டேன். காய்ந்துதான் இருந்தன. இதை வைப்பதற்காக. நானே பாசிர் ரிஸ் கொண்டுவந்து பெஞ்சில் வைத்துவிடுவேன்.

நீங்கள் எழுதியது எல்லாம் சரி. நான் வேலிக்கு வெளியேதான் நிற்கிறேன். வாசலில் நீங்கள் உட்கார்ந்திருந்தபோது வெளியே வர மூன்று முறை காலை எடுத்து வைத்தேன்.

இன்று ஆடாதீர்கள்.

ஹனீன்


27 ஜூலை, ஞாயிறு
புக்கிட் பாத்தோக்

ஹனீன்,

இதை மூன்று நாளாக எழுதுகிறேன். ஒரு நாளைக்குப் பத்து வரிக்கு மேல் எழுதக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். போன், டிவி எதுவும் கிடையாது. திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்திருக்கிறேன். அம்மா தபாலில் போடுவார்.

மண்டை ஓட்டுக்கு உள்பக்கம் மெல்லிய இரத்தக் கசிவு இருந்தது. பழையதும் புதியதுமாக இருந்தது என்றார் டாக்டர். திறந்து பார்க்கத் தேவையில்லை, தானாக வற்றிவிடும், ஆனால் இனி பந்து கூடாது என்றார். எப்போது வரை என்று கேட்டேன். அவர் அம்மாவை வெளியே கூப்பிட்டுப் பேசினார். அம்மாதான் பிறகு சொன்னார், எப்போதுமே கூடாதாம்.

லீக்கிலிருந்து நீக்கிய கடிதமும் வந்துவிட்டது. சரசு ஆன்ட்டி படித்துக் காட்டினார். ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்திருந்தார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. போகும்போது மட்டும், "எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும் லா," என்றார். என் நெற்றியைத் தொட வந்த கையை இழுத்துக்கொண்டார். தைல வாசனை இல்லாமல் அவரை நான் பார்த்தது அன்றுதான்.

எனக்குச் சனிக்கிழமை மாலைக்குப் பிறகு எதுவும் நினைவில்லை. உங்கள் கடை வாசலில் உட்கார்ந்தது நினைவிருக்கிறது. என்ன எழுதினேன் என்று நினைவில்லை. நல்லதாக எதுவும் எழுதியிருக்க மாட்டேன் என்று தோன்றுகிறது. பிறகு ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கூரை.

ஆட்டம் நடந்ததாம். நான் ஆடினேனாம். சுஷ்மிதா கட்டுப் போட்ட காலோடு பெஞ்சில் இருந்தாள். நீ கத்திக்கொண்டு ஓடி வந்தாய் என்கிறாள். இனியாவோ நீ அழுதுகொண்டே நின்றாய், ரெஃபரிதான் உன்னிடம் வந்தார் என்கிறாள். ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். சிலர் உன்மேல் கோபமாக இருக்கிறார்கள், அதை மறைக்க மாட்டேன். எனக்கும் நன்றி சொல்ல இன்னும் மனம் வரவில்லை. வரும்போது சொல்கிறேன்.

என் கடைசி ஆட்டம் அது. என்னிடமே அது இல்லை. நீ கோலுக்குப் பின்னால்தான் நின்றிருப்பாய். நடந்ததை மட்டும் எழுது. ஆறுதல் எதுவும் எழுதாதே. அம்மா படித்துக் காட்டுவார்.

அனு


30 ஜூலை, புதன்
கெர்பாவ் ரோடு

அனு அக்கா,

அம்மா படிப்பார் என்பதால் அவருக்கும் என் சலாம்.

நான் பாசிர் ரிஸ் வந்தபோது நீங்கள் புல்லில் உட்கார்ந்து காலணி கட்டிக்கொண்டிருந்தீர்கள். கையுறைகளைப் பெஞ்சில் வைத்தேன். நீங்கள் தாளை எடுத்துப் படிக்காமலே கசக்கிப் பைக்குள் போட்டீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். நான் வேலிக்குப் போய்விட்டேன்.

எதிரணியிலும் காயம்தான், அவர்களில் ஒன்பது பேர்தான் வந்திருந்தார்கள். முதல் பாதியில் நீங்கள் நான்கு பந்தைத் தடுத்தீர்கள். ஒன்று இடது மூலைக்குப் போனது, ஒரே கையால் வெளியே தள்ளினீர்கள். இந்த சீசனில் நான் பார்த்ததிலேயே நல்லது அதுதான். ஆறுதலுக்குச் சொல்லவில்லை, நடந்தது. அதில் விழுந்தபோது உங்கள் தலை தரையில் பட்டது. பலமாக இல்லை. ஆனால் எழுந்ததும் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றீர்கள். உங்களுக்கும் எனக்கும் நடுவில் வலையும் வேலியும்தான் இருந்தன. "அக்கா" என்று கூப்பிட்டேன். கூப்பிட்டதாக நினைத்தேன். சத்தம் வெளியே வந்ததா என்று தெரியவில்லை. நீங்கள் திரும்பவில்லை.

நாற்பதாவது நிமிடம் இனியா அக்கா கோல் போட்டார். முட்டியைப் பிடித்துக்கொண்டே ஓடிப் போட்டார். சுஷ்மிதா அக்கா ஒற்றைக் காலில் குதித்தார். ஒன்றுக்குப் பூஜ்யம். ஜூனுக்குப் பிறகு நாம் முன்னால் இருந்தது அன்றுதான். எனக்கும் சந்தோஷமாக இருந்தது அக்கா. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும். இன்னும் நாற்பத்தைந்து நிமிடம் எப்படியாவது போய்விட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். நீங்கள் கம்பத்தைப் பிடித்து நின்றதைப் பார்த்த பிறகும் அப்படி வேண்டிக்கொண்டேன்.

இடைவேளையில் சரசு ஆன்ட்டி எல்லாருக்கும் ஆரஞ்சு கொடுத்தார். நீங்கள் வாங்கிக் கையிலேயே வைத்திருந்தீர்கள்.

இரண்டாவது பாதிக்குப் பக்கம் மாற வேண்டும். எல்லாரும் அந்தப் பக்கம் போனார்கள். நீங்கள் மட்டும் நேராக நான் நின்ற பக்கமே நடந்து வந்தீர்கள். அதே கோலுக்கு. வலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கைகளைத் தட்டிக்கொண்டு, கோட்டில் நின்றீர்கள்.

"அனு! அந்தப் பக்கம் லா!" என்று இனியா அக்கா கத்தினார்.

"பாரு, கோல் போட்டதும் கேப்டனுக்குத் தலைகால் புரியல!" என்றார் சரசு ஆன்ட்டி.

எல்லாரும் சிரித்தார்கள். எதிரணியின் கோல்கீப்பர் உங்கள் பக்கத்தில் வந்து நின்று சிரித்தாள். நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் எதற்குச் சிரிக்கிறோம் என்று உங்களுக்குத் தெரியவில்லை. எனக்கு அது தெரிந்தது, ஏனென்றால் வேலிக்கு மிக அருகில் இருந்தது உங்கள் முகம்தான். அப்போது நீங்கள் என்னைப் பார்த்து ஒன்று கேட்டீர்கள். "பாப்பா, இது எந்தத் திடல்?" என்று கேட்டீர்கள்.

பிறகு அந்தக் கோல்கீப்பர் உங்கள் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டாள். நீங்கள் அவள் காட்டிய பக்கம் நடக்க ஆரம்பித்தீர்கள். ரெஃபரி நடுவட்டத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஓடவில்லை, சுஷ்மிதா அக்கா சொன்னது சரியில்லை. நடந்தேன். வேலியில் மூலைக்கொடி பக்கம் ஒரு திறப்பு இருக்கிறது, அது வழியாக உள்ளே போனேன். அழவும் இல்லை. கோட்டைத் தாண்டியதும் சரசு ஆன்ட்டி பார்த்துவிட்டார்.

"பாப்பா! வெளிய வா! ஆட்டம் ஆரம்பிக்கப் போகுது!"

நான் நிற்கவில்லை. ஆறு பேர் என்றால் என்ன ஆகும் என்பது நடக்கும்போது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தெரியாமல் செய்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ரெஃபரி ஒரு மலாய்க்காரப் பெண். விசில் வாயில் இருந்தது. அவர் முன்னால் போய் நின்றேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். கீப்பருக்குத் தலையில் அடி, பதினோரு நாள் ஆகிறது, எனக்குத் தெரியும், நான் மறைத்தேன், தயவுசெய்து ஆட்டத்தை நிறுத்துங்கள் என்று சொன்னேன்.

அவருக்குக் கேட்கவில்லை. விசிலை எடுத்துவிட்டு, என்ன என்று குனிந்தார்.

மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.

ஹனீன்